குடிநோய் மீட்சியும் விழிப்புநிலைத் தியானமும்: எப்போது, எவ்வாறு, எந்த அளவுக்கு

மதுப்பழக்கம் முற்றி நோயாகிவிட்ட ஒருவர் குடியை நிறுத்துவது ஒரு பணி. நிறுத்தியபின் குடியின்றி நிலைத்திருப்பது வேறொரு பணி. முன்னது பெரும்பாலும் சில நாள்களில், மருத்துவரின் மேற்பார்வையில் நடந்து முடிந்துவிடுகிறது. பின்னது மாதங்களும் ஆண்டுகளும் நீள்வதோடு, மீட்சியை நாடுவோரில் பெரும்பாலோர் இடறுவதும் அங்கேதான். விழிப்புநிலைத் தியானம் என்று மருத்துவ உலகில் இன்று வழங்கும் பயிற்சி இவ்விரு பணிகளுள் எதற்கு உரியது, அதனை எப்போது தொடங்கலாம், அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்னும் வினாக்கள் 1990களின் இறுதியிலிருந்து தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. இதுவரை கிடைத்துள்ள முடிவுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, தியானத்தின் பயன் நாம் விரும்பும் அளவைவிடக் குறுகியது என்பதும், அந்தக் குறுகிய எல்லைக்குள் அது உண்மையானது என்பதும் புலனாகின்றன.

விழிப்புநிலை என்பது இந்த நொடியில் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புக் கூறாமலும் அதனை மாற்ற முயலாமலும் கவனித்திருக்கும் நிலை. பௌத்த மரபில் சதிபட்டான சுத்தம் என்னும் போதனை விரித்துரைக்கும் கவனப் பயிற்சியே இதன் வேர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் 1979இல் இதனைச் சமயச் சார்பு நீக்கி, நாட்பட்ட வலியும் மன அழுத்தமும் உடையோருக்கான எட்டு வார வகுப்பாக அமைத்தார். மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுப்பதற்காக இதனையொட்டி உருவான சிகிச்சை முறை 2002இல் நூலாக வெளிவந்தது. குடிநோய்த் துறைக்கு இப்பயிற்சி வந்து சேர்ந்த வழி சற்று வேறானது. அவ்வழியில் இந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு.

அந்த வரலாற்றுக்குமுன், காலம் பற்றிய ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. ஏனெனில் இங்கு நேரும் பிழை உயிரைப் பறிக்கக்கூடியது. நீண்ட நாள்களாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் மூளை, மதுவின் அமைதிப்படுத்தும் விளைவுக்கு ஈடுகொடுக்கும் பொருட்டுத் தன் கிளர்ச்சியை உயர்த்தி வைத்திருக்கிறது. மது திடீரென நின்றுபோனால் அமைதிப்படுத்தும் விளைவு மட்டும் விலகிவிட, உயர்ந்த கிளர்ச்சி அப்படியே எஞ்சி நிற்கிறது. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை எனத் தொடங்கும் இவ்விலகல் அறிகுறிகள் கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே தோன்றலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் டிரெமென்ஸ் எனப்படும் கடுமையான மனக்குழப்ப நிலையும் சிலரைத் தாக்குகிறது. இல்லாத உருவங்களைக் காண்பது, இடமும் நேரமும் தெரியாமல் போவது, காய்ச்சல், இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றோடு வரும் இந்நிலைக்கு உடனடி மருத்துவம் கிடைக்காவிட்டால் மரணம் நேரலாம். டயசிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகளைத் தக்க அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதும், குடிநோயாளியிடம் குறைந்துபோயிருக்கும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஈடுசெய்வதுமே இக்கட்டத்துக்குரிய சிகிச்சை. இந்நாள்களில் ஒருவரை அறையில் அமர்த்தி மூச்சைக் கவனிக்கச் சொல்வதால் எப்பயனும் இல்லை. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரம் அதனால் வீணாகுமானால் அது பெருந்தீங்கு. மன உறுதியும் தியானமும் இருந்தால் போதும், மருந்தின்றியே குடியை விட்டுவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு கூறுவோர், நெடுநாள் குடித்தவரைப் பொறுத்தவரை ஆபத்தான அறிவுரையையே வழங்குகின்றனர்.

விலகல் கட்டம் கடந்தபின் எழுவதே தியானத்துக்கு உரிய வினா. உடல் தேறி, நடுக்கம் நின்று, உணவும் ஓரளவு உறக்கமும் திரும்பியபின்னும் மனிதர் ஏன் மீண்டும் குடிக்கிறார்? சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஆலன் மார்லட் இவ்வினாவையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். மறுபடி குடிக்குத் திரும்பியவர்களிடம் அதற்கு முந்தைய கணங்களைத் துருவிக் கேட்டுத் தொகுத்தபோது, எரிச்சல், சோர்வு, தனிமை போன்ற வேண்டா உணர்ச்சிகள், பிறரோடு எழும் பூசல், கூட இருப்போரின் வற்புறுத்தல் ஆகிய மூன்றுமே மறுவீழ்ச்சிகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குப் பின்னணியாக இருந்ததை அவர் கண்டார். ஜூடித் கார்டனுடன் இணைந்து அவர் 1985இல் வெளியிட்ட மறுவீழ்ச்சித் தடுப்பு நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதில் அவர் பிரித்துக் காட்டிய ஒரு வேறுபாடு நுட்பமானது. ஒருமுறை குடித்துவிடுவது சறுக்கல். அந்தச் சறுக்கலுக்குப்பின் பழைய குடிக்கே முழுமையாகத் திரும்புவது மறுவீழ்ச்சி. முதலாவது இரண்டாவதாக மாறுவதற்கு மதுவின் வேதியியலைவிட, சறுக்கியவர் தம்மைப்பற்றி எடுக்கும் முடிவே பெரிதும் காரணமாகிறது. எல்லாம் பாழாகிவிட்டது, தாம் எதற்கும் உதவாதவர், இனி நிறுத்திப் பயனில்லை என்னும் குற்றவுணர்வே அடுத்த கோப்பையை நிரப்புகிறது. தீர்ப்பின்றிக் கவனித்தல் என்னும் பயிற்சி பின்னாளில் இத்துறைக்குள் நுழைய வழி திறந்தது இந்தக் கண்டுபிடிப்பே எனலாம்.

முன்பு குறிப்பிட்ட இந்தியாவின் பங்கு இங்கேதான் வருகிறது. பர்மாவின் மாண்டலேயில் 1924இல் பிறந்து, ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் விபாசனா என்னும் பௌத்தக் கவனத் தியானம் கற்ற எஸ். என். கோயங்கா 1969இல் இந்தியா வந்து அதனைக் கற்பிக்கத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் அவர் அமைத்த மையம் 1976 முதல் இயங்கி வருகிறது. பத்து நாள் பேச்சற்ற பயிற்சியான இம்முறை, 1994இல் தில்லி திகார் சிறையில் சிறைத்துறைத் தலைமை அதிகாரியாக இருந்த கிரண் பேடியின் பொறுப்புக் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் கைதிகளுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கப்பட்டது. சியாட்டிலுக்கு அருகிலிருந்த நார்த் மறுவாழ்வுச் சிறை இதே பயிற்சியை 1997இல் தன் கைதிகளுக்கு வழங்கத் தொடங்கியது. மது, போதைப்பொருள் வழக்குகளில் சிறைப்பட்டோர் அங்கு மிகுதி. மார்லட்டும் அவருடைய மாணவி சாரா போவனும் குழுவினரும் அங்கு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. விடுதலையாகி மூன்று மாதங்களுக்குப்பின், பயிற்சி பெற்றோர் மற்றவர்களைவிடக் குறைவாகக் குடித்ததாகவும், கஞ்சா, கொக்கைன் ஆகியவற்றைக் குறைவாகப் பயன்படுத்தியதாகவும் அது தெரிவித்தது. எனினும் பயிற்சியில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். தொடக்கத்தில் இருந்தோரில் ஒரு பகுதியினரே இறுதிவரை ஆய்வில் நீடித்தனர். ஆகவே இதனை நம்பிக்கையூட்டும் குறிப்பாக மட்டுமே ஏற்க இயலும். இதே தரவுகளை மேலும் அலசிய 2007ஆம் ஆண்டுக் கட்டுரை மற்றொரு தடயத்தைக் காட்டியது: பயிற்சி பெற்றோர் தமக்கு வேண்டாத எண்ணங்களை அடக்கித் தள்ள முயல்வது குறைந்திருந்தது, குடி குறைந்ததில் ஒரு பங்கை இதைக்கொண்டு விளக்க முடிந்தது.

எண்ணத்தை அடக்குவதைப் பற்றிய இச்செய்தி இங்கு விரித்துரைக்கத் தக்கது. குடியை நிறுத்தியவரிடம் வீட்டாரும் நண்பர்களும் முதலில் கூறுவது அதை நினைக்காதே என்பதுதான். ஆனால் ஓர் எண்ணத்தை நினைக்கக்கூடாது என்று முயலும்போது அந்த முயற்சியே அவ்வெண்ணத்தை அடிக்கடி எழுப்பிவிடுகிறது என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின; எண்ணம் வந்துவிட்டதா என்று மனம் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் அது மறைவதே இல்லை. குடிவேட்கையும் இத்தன்மையதே. மாலை நேரம், சம்பளநாள், பழைய நண்பரின் குரல், ஒரு குறிப்பிட்ட தெருமுனை ஆகிய ஏதேனும் ஒன்று தூண்டலாக வந்து சேர, உடலில் ஓர் இறுக்கமும் வாயில் ஒரு நமநமப்பும் நெஞ்சில் ஒரு பரபரப்பும் எழுகின்றன. இவற்றை எதிர்த்து மல்லுக்கட்டுவது, அல்லது குடித்து அடக்குவது என்னும் இரு வழிகளையே குடிநோயாளி அறிந்திருக்கிறார். குடித்தால் வேட்கை உடனே தணிவதால் அடுத்தமுறை அது இன்னும் வலுவாக எழ அதுவே அடித்தளமிடுகிறது.

மூன்றாவது வழி ஒன்றை மார்லட் முன்வைத்தார். வேட்கை ஓர் அலையைப்போல எழுந்து, உச்சமடைந்து, தானே தணியும் இயல்புடையது. எனவே அதனை எதிர்க்காமலும் அதற்கு இணங்காமலும், அது உடலில் எங்கே, எத்தகைய உணர்வாகத் தோன்றுகிறது என்பதை மூச்சைத் துணையாகக்கொண்டு அது அடங்கும்வரை கவனித்திருக்கலாம் என்பதே அவ்வழி. அலைமீது பலகையில் நின்று சறுக்கிச் செல்லும் விளையாட்டின் பெயராலேயே இப்பயிற்சி அழைக்கப்படுகிறது. இவ்வாறு கவனிப்பவருக்கு வேட்கை உடனே மறைந்துவிடுவதில்லை. சில நேரங்களில் தொடக்கத்தில் அது கூர்மையடையவும் கூடும். ஆனால் குடிக்காமலேயே அது தணிந்ததை ஒருவர் தம் உடலிலேயே சிலமுறை கண்டுவிட்டால், குடித்தால் மட்டுமே இது அடங்கும் என்னும் நெடுநாள் நம்பிக்கை ஆட்டங்காணத் தொடங்குகிறது. எந்தச் சொற்பொழிவும் செய்யாத பணி இது.

இந்த விதையிலிருந்து சாரா போவன், நேகா சாவ்லா, மார்லட் ஆகியோர் விழிப்புநிலை வழி மறுவீழ்ச்சித் தடுப்பு என்னும் எட்டு வாரத் திட்டத்தை உருவாக்கினர். மார்லட் மறைந்த 2011ஆம் ஆண்டளவில் அதன் கையேடு சிகிச்சையாளர்களின் கைகளுக்கு வந்தது. முதற்கட்டச் சிகிச்சையை முடித்தவர்களுக்காகவே வகுக்கப்பட்ட இத்திட்டத்தில், வாரம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறு குழுவாகக் கூடுகின்றனர். சிந்திக்காமலே பழக்கத்தின் பிடியில் இயங்குவதைக் கண்டறிதல் முதல் வாரப் பொருள். தூண்டல்களையும் வேட்கையையும் இனங்காணல் இரண்டாவது வாரத்துக்குரியது. பின்வரும் வாரங்களில் இடர்மிகு சூழல்களில் நடந்துகொள்ளுதல், எண்ணங்களை வெறும் எண்ணங்களாகக் காணுதல், தன்னைப் பேணுதல், துணைவர்களைத் தேடிக்கொள்ளுதல் ஆகியவை தொடர்கின்றன. அமர்ந்து செய்யும் நீண்ட பயிற்சிகளைவிட நடைமுறையில் மிகுதியும் கைகொடுப்பது இதிலுள்ள சிறு பயிற்சி ஒன்று எனத் தோன்றுகிறது. தூண்டல் எழும் இடத்திலேயே நிற்பது, உடலிலும் மனத்திலும் நிகழ்வதை நோக்குவது, சில மூச்சுகளைக் கவனிப்பது, பின் கவனத்தை உடல் முழுவதுக்கும் விரிப்பது, அதன்பின் செய்ய வேண்டியதைத் தேர்ந்து செய்வது என்னும் ஐந்து படிகளைக் கொண்ட அதற்கு இரண்டு மூன்று நிமிடங்களே போதும். பேருந்து நிறுத்தத்திலும் திருமண மண்டபத்திலும் கண்மூடாமலே செய்யலாம்.

இப்பயிற்சிகள் உண்மையில் பயன்படுகின்றனவா என்னும் வினாவுக்குக் கிடைத்த விடைகள் ஒரே குரலில் ஒலிக்கவில்லை. இத்துறையில் பெரிதும் பேசப்படும் ஆய்வு போவன் குழுவினர் 2014இல் வெளியிட்டது. முதற்கட்டச் சிகிச்சை முடித்த 286 பேர் குலுக்கல் முறையில் வழக்கமான தொடர்சிகிச்சை, மார்லட்டின் பழைய மறுவீழ்ச்சித் தடுப்பு, விழிப்புநிலை வழித் தடுப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். ஆறாம் மாதத்தில், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட மற்ற இரு பிரிவினரிடமும் மிகுகுடிக்குத் திரும்பும் இடர் 59 விழுக்காடு குறைந்திருந்தது. போதைப்பொருளை முதன்முறையாக மீண்டும் பயன்படுத்தும்வரை கழியும் காலத்தில் பழைய முறையே சற்று மேலாக இருந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் நிலை மாறி, விழிப்புநிலைப் பிரிவினர் மற்ற இரு பிரிவினரையும்விடக் குறைவான நாள்களே போதைப்பொருளைப் பயன்படுத்தினர். அவர்களிடம் மிகுகுடியும் குறைந்திருந்தது. கற்ற பயிற்சி நாளடைவில் இயல்பாகிப் போவதே இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மீளாய்வு, மறுவீழ்ச்சி விகிதத்தில் இம்முறைக்கும் பிற முறைகளுக்கும் இடையே திட்டமான வேறுபாட்டைக் காணவில்லை. வேட்கையிலும் குடியால் விளையும் துன்பங்களிலும் சிறிய அளவு நன்மையையே கண்டது. குடிநோயாளிகள் 123 பேரை மட்டும் எடுத்துக்கொண்ட 2019ஆம் ஆண்டு ஆய்விலும், வழக்கமான சிகிச்சையோடு தியானம் சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். காக்ரேன் அமைப்பு 2021இல் நாற்பது ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட மீளாய்வு, சான்றுகளின் தரம் பெரும்பாலும் தாழ்ந்தது என்றும், உறுதியான முடிவுக்கு வர அவை போதா என்றும் கூறியது. மருத்துவச் சான்றுகளை எடைபோடுவதில் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற அமைப்பின் கூற்று என்பதால் இதனை ஒதுக்கிவிட இயலாது.

இம்முரண்பாட்டை எவ்வாறு கொள்வது? இவ்வாய்வுகள் பலவற்றில் தியானம் ஒப்பிடப்பட்டது வெறுமையோடு அன்று, வேறொரு நல்ல சிகிச்சையோடு. அவ்விடத்தில் சமமாக நிற்பது தோல்வியாகாது. சராசரி எண்கள், யாருக்கு அது பயன்பட்டது என்பதையும் மறைத்துவிடுகின்றன. மார்லட் குழுவின் முன்னோட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குச் சோர்வு மிகுந்தபோதெல்லாம் வேட்கையும் மிகுந்தது. தியானம் பயின்றவர்களிடம் சோர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலான இப்பிணைப்பு தளர்ந்திருந்ததை 2010ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. மனச்சோர்வும் பதற்றமும் கொண்டு, அவற்றை மறக்கவே குடிப்பவர்களுக்கு இப்பயிற்சி மற்றவர்களைவிடக் கூடுதலாக உதவும் என்று எதிர்பார்க்க இது இடம் தருகிறது. லண்டனில் மிகுதியாகக் குடிப்போரிடம் நடந்த ஒரு சிறு சோதனை 2017இல் வெளிவந்தது. அதில் பதினொரு நிமிட ஒலிப்பதிவு வழியே வேட்கையைக் கவனிக்கக் கற்றவர்கள் அடுத்த வாரத்தில் குடியைக் குறைத்தனர். அதே நேர அளவுக்கு உடல் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. இச்சோதனையில் பங்கேற்றோர் குடிநோயாளிகளாகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர் என்பதால் இம்முடிவை நெடுந்தொலைவு நீட்டக்கூடாது. எனினும் தியானத்தின் வேலை அமைதியூட்டுவது மட்டும்தான் என்னும் பரவலான கருத்து தவறு என்பதற்கு இது ஒரு சான்று.

அமைதியை எதிர்பார்த்து அமர்பவரே விரைவில் பயிற்சியைக் கைவிடுகிறார் என்பதால், தொடங்குவோருக்கு இதனை முன்கூட்டியே விளக்க வேண்டியது கற்பிப்பவரின் கடமை. பல ஆண்டுகள் மதுவால் மூடி வைத்திருந்த வெட்கம், இழப்பு, கோபம் ஆகியவை அமைதியாக அமரும் நேரத்தில் மேலெழுவது இயல்பு. குடியை நிறுத்திய முதல் மாதங்களில் உறக்கம் சீராவதில்லை. கவனமும் நினைவாற்றலும் மெல்லவே திரும்புகின்றன. அந்நிலையில் ஒருவரை நாற்பது நிமிடம் அசையாது அமரச் சொல்வது, அவரால் முடியாத ஒன்றைக் கேட்டு மற்றொரு தோல்வியை அவர் கணக்கில் சேர்ப்பதாகும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, முடியும்போது பத்துக்கும் பதினைந்துக்கும் நீட்டுவது தகும். தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமரலாம். மூச்சைக் கவனிப்பது பதற்றத்தைக் கூட்டினால் தரையில் பதிந்த பாதங்களையோ சுற்றியுள்ள ஒலிகளையோ கவனிக்கலாம். அமரவே முடியாத நாளில் மெதுவாக நடந்தபடி ஒவ்வோர் அடியையும் உணர்ந்து செல்வதும் முழுமையான பயிற்சியே. மனம் அலைந்து போவது குற்றமன்று. போனதை அறிந்து திரும்புவதே பயிற்சி. வழக்கமாகக் குடிக்கத் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பு ஒரு வேளையை இதற்கென ஒதுக்குவது பலருக்குப் பொருந்தும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கண்காணிக்கச் சொல்லும் மீட்சிக் குழுக்களின் பழைய அறிவுரையும் விழிப்புநிலைப் பயிற்சியே. பசிக்கு உணவும் களைப்புக்கு ஓய்வும் கொடுத்தாலே சில வேட்கைகள் அடங்கிவிடுகின்றன.

தீங்கு நேரும் வாய்ப்பையும் மறைக்கலாகாது. தியானத்தின் வேண்டா விளைவுகளைப் பற்றி 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த மீளாய்வு, பயில்வோரில் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டினர் பதற்றம், சோர்வு முதலிய ஏதேனும் ஒரு தொல்லையை எதிர்கொண்டதாகக் கணித்தது. குழந்தைப் பருவ வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்கள் குடிநோயாளிகளிடையே கணிசமாக உள்ளனர். கண்மூடி உடலின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனம் செலுத்தும் பயிற்சி அவர்களிடம் பழைய காயங்களைத் திடீரெனத் திறந்துவிடலாம். கண்களைத் திறந்து வைத்திருக்கவும், வேண்டும்போது நிறுத்தவும் உரிமையுண்டு என்பதை முதல் நாளே கூறிவிட வேண்டும். பித்துநிலையோ தற்கொலை எண்ணமோ உள்ளவர் மனநல மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ளது உட்படப் பல விபாசனா மையங்கள் நடத்தும் பத்து நாள் பேச்சற்ற பயிற்சி, மீட்சியில் ஊன்றி நின்ற பின்னர் சிலருக்கு ஏற்றதாகலாம். அண்மையில் குடியை நிறுத்தியவருக்கு முதற்படியாக அது ஏற்றதன்று.

பிற உதவிகளோடு தியானம் மோத வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1935இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரு படிகளில் பதினோராவது படியே பிரார்த்தனையையும் தியானத்தையும் குறிப்பிடுகிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடியின் இன்பத்தையோ வேட்கையையோ குறைக்கின்றன. அவற்றை உட்கொண்டபடியே தியானம் பயில்வதற்குத் தடையில்லை, மருந்து எடுத்தால் மீட்சி தூயதாகாது என்னும் எண்ணத்துக்கு அறிவியல் அடிப்படையும் இல்லை. குடும்பத்தினரும் இப்பயிற்சியை உடன் கற்பது நல்லது. ஏனெனில் சந்தேகமும் அச்சமும் நிறைந்த வீட்டில் எழும் பூசலே மறுவீழ்ச்சிக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று என மார்லட் கண்டிருந்தார்.

இந்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி நாட்டில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் விளைந்த சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்துள்ளார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. செலவு குறைந்தது என்பதற்காகத் தியானத்தை மருத்துவமனைப் படுக்கைக்கும் மருந்துக்கும் மாற்றாக நிறுத்தும் போக்கை இந்நிலையில் ஏற்கவே இயலாது. விலகல் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பி அத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளும் மறுவாழ்வு மையங்கள், அதற்கடுத்த மாதங்களுக்கென முறையான பயிற்சி பெற்றோர் நடத்தும் எட்டு வார வகுப்பைத் தமிழில் தொடர்சிகிச்சையாக வழங்க முன்வர வேண்டும். குடியை நிறுத்த எண்ணுவோர் முதலில் மருத்துவரைக் காண்பதே முறை. எங்கு செல்வது எனத் தெரியாதவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உள்ளது.